மூடிக்கு நேரே நிற்காதவர்

நீச்சல்காரர் நீட்டிய டார்ச் விளக்கை வாங்கியதும் குமிழியக்கா முதலில் செய்தது, அதன் கண்ணாடி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பியதுதான். அதன் பிறகே வந்தவரைப் பார்த்து, "ம், சொல்லுங்க" என்றார்.

"ஏரியில முங்கினப்ப உள்ள தண்ணி போயிருச்சு. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து பாத்தேன், மூடி அசையவே இல்ல. பிளையர் போட்டிருந்தா வந்திருக்கும்."

"வந்திருக்கும். மூடியும் வந்திருக்கும், கூடவே உங்க முன்பல்லும் வந்திருக்கும். கையில சிகரெட் இல்லையே?"

"இல்லீங்க."

"இருந்தா வாசலுக்குப் போயிடுங்க."

பட்டறையின் மூலையில் மணல் நிரப்பிய பழைய லாரி டயர் ஒன்று கிடக்கிறது. டார்ச்சை அதில் பாதிவரை புதைத்து, மூக்கு சுவரைப் பார்க்கும்படி வைத்தார். வார் கோத்த நீளமான கைப்பிடி ஒன்றை அதன் கழுத்தில் மாட்டினார். பிறகு பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, முகத்தைத் தோளுக்குப் பின்னால் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி மயிரிழை மயிரிழையாகத் திருகினார். பார்ப்பதற்குத் தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை உருவுபவர் மாதிரி இருந்தது. 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சீறல். துருவும் புளிப்புமாக ஒரு வாடை.

"கேட்டீங்களா? தண்ணி பட்டு பேட்டரி ஊறிப்போய் உள்ளேயே காத்து விட்டிருக்கு, நெருப்புப் பட்டா பத்திக்கிற காத்து. போக வழியில்லாம அடைஞ்சு கிடந்திருக்கு. தண்ணி உள்ள போகக் கூடாதுன்னுதானே செஞ்சான்? அப்புறம் காத்து மட்டும் எப்படி வெளிய வரும்?"

சீறல் அடங்கும்வரை காத்திருந்து மூடியை எடுத்தார். நீச்சல்காரர் அப்போதுதான் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"இப்ப ஏன் தள்ளிப் போறீங்க? இப்ப அது பூனைக்குட்டி. இத்தன நாள் பையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்களே, அப்ப பயந்திருக்கணும்" என்று சிரித்தார் அக்கா.

எங்கள் குடியிருப்பின் நீச்சல்குளத்தில் விளக்கு அணைந்தால் கழற்றி எடுத்துக்கொண்டு நான் போவது இந்தப் பட்டறைக்குத்தான். தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்கிற எந்தப் பெட்டியும் இங்கே பழுதுக்கு வரும். குளத்து விளக்கு, படகின் சுவிட்ச் பெட்டி, முக்குளிப்பவர்களின் கேமராக் கூடு எல்லாம் வரும். நடத்துவது மூன்றே பேர். அக்கா, அவருடைய தம்பி, தம்பியின் மனைவி. தம்பிதான் முதலாளி. ஆனால் அங்கே யாருடைய குரல் பெரியது என்பது தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கனத்த உடம்பு, அகலமான கை. விரல்களில் எப்போதும் கிரீஸின் மினுமினுப்பு இருக்கும். தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பார். அது அழகுக்கு இல்லை. பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே உட்காரும் ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு முடி ஒட்டிக்கொண்டாலும் ஏரியே உள்ளே வந்துவிடும். அந்த வளையத்தை அவர் 'வளையல்' என்பார். கண்ணை மூடிக்கொண்டு, அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சுற்று ஓடவிடுவார். "கண்ணு ஏமாத்தும். விரலுக்குப் பொய் சொல்லத் தெரியாது." அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார், பேச்சுக் கொடுத்தவரைத் திட்டிக்கொண்டே.

பெட்டிகளிடம் பேசுகிற பழக்கமும் உண்டு. எல்லாப் பெட்டியும் அவருக்குப் பெண்பிள்ளைதான். "எங்கேடி மூச்சு விடுற? சொல்லித் தொலையேன். மத்தியானச் சாப்பாடு ஆறுதுல்ல?"

வீட்டிலும் இதே கதைதான். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரின் மூடி தானாக நெகிழும்வரை யாரும் தொடக் கூடாது. விருந்தாளி எவ்வளவு பசியோடு இருந்தாலும் சரி. சோடா பாட்டிலைச் சுவரைப் பார்த்துத்தான் திறப்பார். அவருடைய கணவர் தையற்காரர், மெதுவாகப் பேசுகிறவர். "எங்க வீட்டுல சோடாகூட கோவிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பித்தாங்க நிக்கும்" என்றார் என்னிடம். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த காலரைப் பார்த்துக்கொண்டார்.

குமிழியக்கா என்ற பெயர் பழைய முறையால் வந்தது. அப்போதெல்லாம் பெட்டியின் காற்றோட்டத் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, சைக்கிள் பம்பால் மெல்ல இரண்டு அழுத்து அழுத்தித் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். கசிவு இருந்தால் குமிழி வரும். வருகிற குமிழியைப் பார்த்தே அக்கா இடத்தைச் சொல்லிவிடுவார். "முத்து முத்தா வந்தா ஸ்க்ரூ மறை தேஞ்சிருக்கு. நூல் பிடிச்ச மாதிரி வந்தா வளையல்ல முடி. ஒண்ணு வந்து, யோசிச்சு யோசிச்சு இன்னொண்ணு வந்தா அது விரிசல். விரிசலுக்குத்தான் எப்பவும் யோசனை ஜாஸ்தி."

தொழில் பெருகியது. தம்பி கம்ப்ரசர் வாங்கினார். டயர்க் கடைகளில் நிற்குமே, அதே ஜாதி. பம்பை அழுத்தி அழுத்தித் தோள் கடுத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. வால்வைத் திருகினால் போதும். அதிலிருந்த அளவுமானியும் டயருக்கானதுதான். பெட்டிக்குத் தேவையான சிறிய அழுத்தத்துக்கெல்லாம் அதன் முள் தூக்கத்திலிருந்து எழாது. காதால் கேட்டும் கையால் உணர்ந்தும் அக்கா காற்று வைத்தார். அதில் அவருக்குக் கர்வமும் இருந்தது. அதை அவரே சொன்னார்: "முள்ளப் பாத்து வேலை செய்யிறவ இல்ல நான்னு நெனப்பு. கொழுப்பு, வேற என்ன?"

அந்தக் கர்வத்தை உடைத்த பெட்டி ஒரு ஏரி ஆய்வுக் குழுவினுடையது. அடியாழத்தைப் படமெடுக்கும் கேமராவுக்கான கூடு. பெரிய சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தட்டையான மூடி, சுற்றிலும் நான்கு கொக்கிகள். ஏரியில் இறக்கினால் ஒழுகுகிறது. தொட்டியில் முக்கினால் ஒரு குமிழிகூட இல்லை. இரண்டு தடவை வளையல் மாற்றியாகிவிட்டது. குழுவின் பொறியாளர் மறுநாள் படகோடு கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தினா காட்டிக் குடுத்துரும்டா" என்றார் அக்கா.

"ஏத்துக்கா" என்று தம்பி தொட்டியின் மேல் குனிந்தார். மூடியின் விளிம்பில் எங்கே முதல் குமிழி கிளம்புகிறது என்று பார்க்க, முகத்தைத் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் வைத்திருந்தார்.

அக்கா ஏற்றினார். குமிழி வரவில்லை. இன்னும் ஏற்றினார்.

"பெரிய வெடிச் சத்தம்னு எல்லாரும் நெனைக்கிறாங்க" என்றார் அக்கா என்னிடம். "அப்படியெல்லாம் இல்ல. காத்துல கதவு சாத்திக்குமே, அவ்வளவுதான். என் மேல பூரா தண்ணி. தொட்டிதான் ஒடஞ்சுதுன்னு நெனச்சேன். 'தொட்டி போச்சுடா'ன்னு கத்தினேன். அவன் பதில் சொல்லல."

மூடி தம்பியின் இடப்பக்க முகத்தில் அடித்துவிட்டுக் கூரைத் தகட்டையும் நெளித்திருந்தது. கன்ன எலும்பு உடைந்தது. மருத்துவர்களால் அதைச் சேர்க்க முடிந்தது. இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

பொறியாளர் மருத்துவமனைக்கு வந்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அக்கா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆழத்துல அவ்வளவு தண்ணி அழுத்தியும் தாங்குற பெட்டி சார் அது. நான் வச்ச காத்து எம்மாத்திரம்?"

அவர் அங்கிருந்த அறைக் கதவைக் காட்டினார். "இந்தப் பக்கமிருந்து தள்ளுங்க. கதவு போய்ச் சட்டத்துல உக்காருது. எவ்வளவு தள்ளினாலும் சட்டம் தாங்கும். தண்ணி அப்படித்தான் மூடியத் தள்ளும். நீங்க அந்தப் பக்கமிருந்து தள்ளிட்டீங்க. அங்க சட்டம் கிடையாது. தாழ்ப்பாள் மட்டும்தான்." சற்று நிறுத்தி, "மூடி அகலம் வேற. ஒவ்வொரு விரக்கடைக்கும் கொஞ்சம் கொஞ்சமா அழுத்தம்தான். மொத்தமாச் சேத்தா ஒரு கார் கனம் வந்துடும். காத்து அழுங்கி அழுங்கி இடம் குடுக்கும், விட்டதும் ஸ்பிரிங் மாதிரி பாயும்" என்றார்.

"இத முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருக்கலாம். நீங்க எப்படிச் சோதிக்கிறீங்கன்னு நான் கேக்கவே இல்ல."



தம்பியின் மனைவி அதிகம் பேசாதவர். அன்று சாயங்காலம் அக்கா பார்வையாளர் நேரத்தில் உள்ளே போக எழுந்தபோது அவர் வாசலை மறித்து நிற்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "திருகினது உங்க கை, அண்ணி. வாங்கினது அவர் முகம். இப்ப உள்ள வராதீங்க" என்று மட்டும் சொன்னார். அக்கா திரும்பி நடந்தார். பட்டறைச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

பல மாதங்கள் அவர் பட்டறைப் பக்கமே போகவில்லை. கணவரின் தையல் கடையில் உட்கார்ந்து பொத்தான் கட்டினார். நன்றாகக் கட்டவில்லை. "அவ கட்டின பொத்தான அறுக்கத் தனியா ஒரு கத்திரி வேணும். சட்டைக்குள்ள தண்ணி போயிடுமேன்னு பயம்போல" என்றார் கணவர். இதற்கும் அவர் சிரிக்கவில்லை. ஆனால் இதை நினைவு வைத்திருந்தது எதற்காக என்று எனக்குப் புரிந்தது. அந்த மாதங்களில் அந்த வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி இருந்த ஒரே வேடிக்கை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு நாள் தம்பியின் மனைவி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றார்.

"அவர் மறுபடியும் அந்தக் கம்ப்ரசர் ஹோஸ எடுத்திருக்கார்."

அக்கா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லிப் பாத்துட்டேன். 'வேலை தெரியாதவ பேசாத'ங்கிறார். நீங்க சொன்னா கேப்பாரு, அண்ணி. உங்ககிட்ட பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். என்ன பண்றது?"

"நட" என்றார் அக்கா.

இரண்டு பெண்களும் நடந்து பட்டறைக்குப் போயிருக்கிறார்கள். தொட்டியில் ஒரு படகின் பெட்டி மூழ்கியிருந்தது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி தலையைத் திருப்பி, மீதியிருந்த ஒற்றைக் கண்ணால் பார்த்து, "வாக்கா" என்றார். நேற்றும் வந்துபோனவரிடம் சொல்வதுபோல.

"என்னடா பண்ற?"

"வேலை."

"ஹோஸக் கழட்டு."

"கொஞ்சமாத்தான் வைக்கப் போறேன். மூடி மேல கிளாம்ப் வேற போட்டிருக்கேன், பாரு. பயந்துக்கிட்டே இருந்தா கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

அக்கா வாதாடவில்லை. தொட்டியருகே போனார். முழங்கைகளை விளிம்பில் ஊன்றினார். மூடிக்கு நேர் எதிரே, தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் முகத்தை வைத்தார்.

"ம், ஏத்து. குமிழி வருதான்னு நான் பாக்குறேன்."

"தள்ளுக்கா."

"கொஞ்சமாத்தானே வைக்கப் போற? வையி."

"வெளையாடாத. தள்ளு."

"கிளாம்ப் போட்டிருக்கேங்கிறல்ல, அப்புறம் என்னடா?"

தம்பியின் கை வால்வின் மேல் இருந்தது. திருகவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கம்ப்ரசர் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். அந்த இடத்திலேயே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். மருத்துவமனையில்கூட அழாதவர் அன்று அழுததாக அவருடைய மனைவி சொன்னார். அக்காவிடம் கேட்டால், "அவன் எங்க அழுதான்? கண்ணுல கிரீஸ் பட்டிருக்கும்" என்கிறார்.

"அவரத் திட்டுவாங்க, அடிப்பாங்கன்னுதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் தம்பியின் மனைவி. "இப்படிப் பண்ணுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா கூப்பிட்டே இருக்க மாட்டேன். அவர் திருகியிருந்தா?" இதைச் சொல்லும்போதும் அவர் குரல் உயரவில்லை. அக்காவை அவர் மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்முன் அவர் அக்காவுக்கு ஒரு தம்ளர் தேநீர் கொடுத்திருக்கிறார். அக்கா அதை நின்றபடியே குடித்திருக்கிறார். மறுநாள் காலையில் அக்கா வேலைக்கு வந்துவிட்டார்.

கம்ப்ரசர் இப்போது டயர்க் கடையில், அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பொறியாளரைத் தேடிப் பிடித்து, வேறு வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சுவது. துப்பாக்கி மாதிரிக் கைப்பிடி உள்ள சிறிய பம்பு ஒன்று. நாலைந்து முறை அழுத்தினால் பெட்டிக்குள்ளிருக்கும் காற்றில் கொஞ்சம் வெளியே வந்துவிடும். மூடி இன்னும் இறுகி உட்காரும். ஏரித் தண்ணீர் அழுத்துவதும் அதே திசைதானே. பம்பின் அளவுமானியில் முள் அசையாமல் நின்றால் பெட்டி நல்ல பெட்டி. மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு.

எங்கே என்று மட்டும் சொல்லாது. அதுதான் அக்காவுக்கு ஆற்றாமை. "குமிழி வாயாடி. எல்லாத்தையும் கொட்டிடும். இந்த முள்ளு ஊமைக் கோட்டான். இருக்கு, இல்லங்கிறதோட சரி. அப்புறம் நான் உக்காந்து ஒவ்வொரு ஸ்க்ரூவா நோண்டணும்." பொறுமை அவருடைய சுபாவம் இல்லை. முள்ளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் முணுமுணுப்பார், நாற்காலியை இழுத்துப் போடுவார், வாடிக்கையாளர்களின் குடும்ப விஷயங்களை விசாரிப்பார். எங்கள் குடியிருப்பில் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

புதிய பம்பையும் அவர் முழுசாக நம்புவதில்லை. கண்ணாடி முகம் வைத்த பெட்டியென்றால் அதன் மேல் ஒரு தடித்த கம்பளியைப் போர்த்திவிட்டுத்தான் உறிஞ்சுவார். உள்ளே நொறுங்கினாலும் சில்லு சில்லுதான் என்பார். வெயிலில் கிடந்து சூடாகி வரும் பெட்டி, ஆழத்திலிருந்து ஏறி வரும் பெட்டி, பேட்டரி ஊறிய பெட்டி மூன்றையும் தொடுவதற்கு முன் காற்றோட்டத் திருகாணியைத் தளர்த்திவிட்டு ஒதுங்கி நிற்பார். சில வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். ஒருவர், "என்னம்மா, குண்டு வச்சிருக்கா?" என்று கேட்டார். "தெரியாது. திறந்தாத்தானே தெரியும்? நீங்க வேணா முன்னாடி வந்து நில்லுங்க" என்றார் அக்கா. அவர் வரவில்லை.

தம்பி இப்போதும் அதே பட்டறையில்தான் வேலை செய்கிறார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. ஸ்க்ரூவின் தலையைத் திருப்புளியால் முதல் தடவையில் பிடிக்க முடியாமல் போகும். அப்போது அவருடைய மனைவி இடது கையின் விரல் நுனியை ஸ்க்ரூவின் பக்கத்தில் வைப்பார். அந்த விரலைத் தொட்டுக்கொண்டு திருப்புளி இறங்கும். விரலில் பழைய கீறல்கள் நிறைய உண்டு. அதைப் பற்றி அங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை.

அக்காவும் அன்றைய நாளைப் பற்றித் தானாகப் பேசுவதில்லை. நான் கேட்டதால் சொன்னார். சொல்லும்போது இழுக்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அழுவார் என்று நினைத்தேன். நடுவில் எழுந்துபோய் முள்ளைப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

போன வாரம், இதை எழுதச் சொன்ன பத்திரிகையின் புகைப்படக்காரரை அழைத்துக்கொண்டு போனேன். அக்காவுக்குத் தனியாக நின்று படம் எடுத்துக்கொள்ள விருப்பமில்லை. "நான் என்ன கல்யாணப் பொண்ணா? மூணு பேரையும் எடுங்க" என்றார். தம்பியின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். தம்பி நடுவில். புகைப்படக்காரர் பழகியவர், பக்குவமாகப் பேசத் தெரிந்தவர்.

"சார், முகத்தக் கொஞ்சம் அப்படி வலப்பக்கம்... இல்ல, உங்க இடது கன்னம் அந்தப் பக்கம் போற மாதிரி... ஆங், லேசா."

தம்பிக்குப் பழக்கம்தான் போலிருக்கிறது. சொல்லி முடிக்கும் முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தழும்பும் செயற்கைக் கண்ணும் மறைந்தன. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு கிரீஸ் படிந்த இரண்டு விரல்களால் தம்பியின் தாடையைப் பிடித்து, அவசரமில்லாமல், மயிரிழை மயிரிழையாக, கேமராவுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.